கிழக்கு பார்த்த பாறை

மே 3, சனி

மஸ்கட் வந்து சேர்ந்தாயிற்று. விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு திறந்ததும் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்ததுபோல் ஆவி முகத்தில் அடித்தது. ஏதோ மிஷின் காற்று என்று நினைத்து நாலு அடி தள்ளி நின்றேன். "அது மிஷின் இல்லட்டி, ஊரே அப்படித்தான்" என்றார் இசக்கி. பதினாலு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடம் மனுஷன் பேசிய முதல் பேச்சு அது.

ஆள் பாதியாகிவிட்டார். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த இடது கையில் நாலு விரல். மோதிர விரலைப் பதினெட்டு வயதில் ஐ.டி.ஐ. லேத் மிஷினுக்குக் கொடுத்தவர். மிச்சமிருக்கிற நாலும் இப்போது வெறும் எலும்பு.

பெட்டியைத் தூக்கிவிட்டு, "என்ன இந்தக் கனம்?" என்றார்.

"கயிறு. அறுபது மீட்டர். என் ஷூ, பெல்ட், கொக்கி எல்லாம் இருக்கு."

அதற்கப்புறம் அவர் குடியிருக்கிற ரூவிப் பகுதிக்கு வந்து, மூன்று மாடி ஏறி, கதவைத் திறக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நான் வருகிறேன் என்று போனில் சொன்னபோதும் அப்படித்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் டிக்கெட் போட்டு வந்தேன்.

இங்கே எனக்குப் பேச ஆள் கிடையாது. பேசாவிட்டால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். அதனால் இந்த நோட்டு.

மே 4, ஞாயிறு

காலையிலேயே பாளையங்கோட்டையிலிருந்து அமலி போன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் என்னைக் கூப்பிடாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"அக்கா, நல்லபடியா போய்ச் சேந்தீங்களா? வெயிலு ரொம்பவோ?"

"வெயிலா, நம்ம ஊரு வெயிலெல்லாம் இதுக்குத் தங்கச்சி முறை."

சிரித்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இசக்கி தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தார். அவர் இருமியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். குரல் மாறிவிட்டது.

"ஒங்க புருசனா? அந்த ஆளு சத்தம் என் காதுல விழக்கூடாதுக்கா. ஒரு முடிச்சு. கண்ணால பாக்க எவ்ளோ நேரமாவும்? அதப் பாக்கலையே அந்த ஆளு. நீங்க மட்டும் கூட இல்லேன்னா நானும் எம்புள்ளையும் எப்பவோ போய்ச் சேந்திருப்போம்."

நான் "ம்" என்றேன்.

நோட்டு என்று ஒன்று வைத்தால் விவரமாக எழுத வேண்டும். நானும் இசக்கியும் அமலியின் புருஷன் ஜோதிமுத்துவும் தென்காசிப் பக்கம் குருவிப்பாறையில் பாறையேற்றம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முந்தி, பிப்ரவரியில், ஜோதிமுத்து மேலே போய்விட்டு, இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தான். இடுப்பில் கட்டியிருந்த கயிறு உருவிக்கொண்டு வந்துவிட்டது. முடிச்சைப் பாதிதான் போட்டிருந்தான். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் இசக்கி. ஏறுகிறவனின் முடிச்சைப் பிடிக்கிறவன் பார்க்க வேண்டும். உலகம் முழுக்க அதுதான் சட்டம். போலீஸ் கேட்டபோதும், அமலியின் அண்ணன்மார் சட்டையைப் பிடித்தபோதும் இசக்கி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நான் பாக்கல."

அவ்வளவுதான் விவரம். தோசை மாவு இங்கே நாலு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது.

மே 8, வியாழன்

படுக்கப் போகும்போது, "கேஸை அடைச்சியா?" என்றார். "அடைச்சாச்சு" என்றேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கதவு பூட்டினியா என்றார். பூட்டியாச்சு என்றேன். அதற்கும் எழுந்து போனார்.

"நான் சொன்னா நம்பிக்கையில்லையோ?" என்று ஒரு கத்து கத்தினேன். சிலிண்டர் திறந்துதான் கிடந்தது. அதை அவர் சொல்லவில்லை, குனிந்து மூடியதைப் படுக்கையிலிருந்தே நான் பார்த்தேன்.

மே 12, திங்கள்

அவர் வேலை என்னவென்று இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உயரமான கட்டடங்களிலும் எண்ணெய் டாங்கிகளிலும் கயிற்றில் தொங்கிக்கொண்டு கழுவுவது, பெயிண்ட் அடிப்பது, வெல்டிங் பார்ப்பது. ஒவ்வொருவனுக்கும் இரண்டு கயிறு. ஒன்று அறுந்தால் இன்னொன்று. இரண்டையும் அவனவனே கட்டிக்கொள்வான், அவனவனே இறங்குவான்.

"கீழ யாரும் பிடிக்க வேண்டாமா?" என்றேன்.

"யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம். அதான் இந்த வேலை" என்றார்.

மே 16, வெள்ளி

வாரத்தில் ஒரு நாள் லீவு. விடியுமுன் எழுந்து, "வாதியில நடந்துட்டு வாரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போனார். வாதி என்றால் மழை வந்தால் மட்டும் ஆறு, மற்ற நாளெல்லாம் கல். எட்டு மணிக்கு வந்தார். நான் சேமியா கிண்டி வைத்திருந்தேன், நன்றாக இருக்கிறது என்றார்.

சட்டையைத் துவைக்கும்போது பையெல்லாம் வெள்ளைப் பொடி. கட்டடத்துச் சுண்ணாம்பாக இருக்கும்.

மே 23, வெள்ளி

எதிர்வீட்டு மைமூன் லாத்தா காயல்பட்டினம். லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. இருபது வருஷமாக இந்த ஊர். பெரிய வண்டி ஒன்றை ஓட்டுகிறார், அதைவிடப் பெரிய வாய். "புருஷன நம்பி இந்த ஊருல காத்திருந்தா பால் பாக்கெட்டு கூட வராதும்மா, வா என்கூட" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு பெரிய கடைத்தொகுதியில் குளிர்ந்த கூடத்துக்குள் செயற்கைப் பாறைச் சுவர் வைத்திருக்கிறார்கள். நாற்பதடி. சிவப்பு, பச்சைப் பிடிகள். பார்த்ததும் கை ஊறியது, மறைக்க மாட்டேன். பதினாறு வயதிலிருந்து ஏறுகிறேன், முப்பத்தைந்து ஆகிறது. கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வந்து, தன்னுடன் வந்தவள் போய்விட்டாள், கொஞ்சம் கயிறு பிடிக்க முடியுமா என்று கேட்டாள்.

வயிறு வலி என்று சொல்லிவிட்டேன்.

"உன் தொழிலே அதுதான்னியே?" என்றார் லாத்தா, வண்டியில்.

"இன்னிக்கு முடியல லாத்தா" என்றேன். இரண்டு வருஷமாகவே முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

மே 30, வெள்ளி

நாற்பத்தாறு டிகிரி. இசக்கி ஒன்பதரைக்கு வந்தார்.

ஜூன் 6, வெள்ளி

இன்று பெருநாள். லாத்தா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அதைத் திறக்காமல் காத்திருந்தேன். இசக்கி பத்தேமுக்காலுக்கு வந்தார். உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. கைவிரல் நுனியெல்லாம் தோல் உரிந்து பச்சையாக இருந்தது. சோற்றில் கையை வைத்ததும் எலுமிச்சைச் சாறு பட்டு முகம் சுளித்தார். ஸ்பூன் எடுத்துக் கொடுத்தேன்.

பிரிட்ஜைத் திறந்தேன். அவருக்காக நான் நிரப்பி வைத்த இரண்டு தண்ணீர் பாட்டிலும் அப்படியே இருந்தன.

மறந்திருப்பார். இந்த வெயிலில் தண்ணீரை எவனாவது மறப்பானா?

ஜூன் 8, ஞாயிறு

அமலி கூப்பிட்டாள். பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு. அப்பா பேர் எழுதுகிற இடத்தில் "மறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாளாம். "அந்த ஆளு மட்டும் நல்லா சம்பாரிச்சு நல்லா சாப்புட்டு இருக்காம் பாருங்கக்கா." நான் "ம்" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. போனை வைத்தபின் இசக்கி, "அமலி எப்படியிருக்கா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நானும் வருவேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இறங்கச் சொன்னார், இறங்கவில்லை. நிஸ்வா ரோட்டில் நாற்பது நிமிடம் போய், மண் பாதையில் திரும்பி, ஒரு வாதிக்குள் போனோம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். இப்படி ஒரு பாறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா நான் அந்த வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன்!

மேற்கு பார்த்த சுவரில் காலை பத்து மணிவரை நிழல் இருக்கும். புத்தியுள்ளவன் அங்கே ஏறுவான். கிழக்கு பார்த்த சுவரில் சூரியன் உதித்த நிமிஷத்திலிருந்து வெயில். எட்டு மணிக்கே கையை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்தான். சூட்டில் கை வியர்க்கும், ஷூ ரப்பர் இளகும், பிடி வழுக்கும். இது ஏறத் தொடங்கிய முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அந்தக் கிழக்கு பார்த்த சுவரில், அடியிலிருந்து எண்பதடி உச்சிவரை, பிடி வழுக்காமலிருக்க ஏறுகிறவர்கள் கையில் பூசிக்கொள்கிற வெள்ளைப் பொடியின் தடங்கள் போயிருந்தன. கயிறு மாட்டுவதற்கு ஆணியோ வளையமோ ஓர் இடத்திலும் இல்லை. யாரோ கயிறில்லாமல் போயிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இடது கைத்தடத்தில் எல்லாம் நாலு விரல்.

இசக்கி கொஞ்ச தூரத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் யாராவது ஏறியிருப்பார்கள் என்று சத்தமாகச் சொன்னேன். "இருக்கும்" என்றார்.

ஜூன் 21, சனி

எழுதத்தான் வேண்டும். மே மாதம் எட்டு மணிக்கு வந்தவர் இப்போது பதினொன்றுக்கு வருகிறார். வெயில் ஏற ஏறத்தான் கிளம்புகிறார். தண்ணீர் எடுப்பதில்லை. நிழல் சுவரை விட்டுவிட்டு நெருப்புச் சுவரில் ஏறுகிறார். சாக வேண்டும் என்று அவர் போகவில்லை. சாகாமல் இருக்க வேண்டும் என்றும் போகவில்லை. முடிவைப் பாறையிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு வெள்ளியும் போய் நிற்கிறார்.

சாயந்தரம் கேட்டேவிட்டேன். "கயிறில்லாம ஏறுதீங்களா?"

"நடக்கேன்னு சொன்னேம்லா."

"பொய் சொல்லாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "பொய்யா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

அவர் குளிக்கப் போனதும் ஏறுகிற ஷூவைத் தேடி எடுத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மொட்டைமாடித் தண்ணீர் டாங்கிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். இப்போது எப்படிப் போவார், பார்ப்போம்.

ஜூன் 27, வெள்ளி

வெறுங்காலோடு ஏறியிருக்கிறார். இரண்டு பாதமும் கொப்புளம். பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்குகிறது. படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மருந்து போட்டுவிட்டேன். ஷூவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் என்னதான் செய்ய? வண்டிச் சாவியை ஒளித்தால் நடந்து போவார். ஊருக்குப் போன் போட்டால் யாரிடம் சொல்ல? கம்பெனியில் சொன்னால் வேலை போகும், வேலை போனால் அந்த இரண்டு கயிறும் போகும். காலைப் பிடித்துக் கெஞ்சினேன், நிஜமாகவே பிடித்தேன், கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்து. "எந்திரிட்டி" என்றார்.

அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு பேச்சு இருக்கிறது. அதைத் தவிர எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று.

ஜூலை 3, வியாழன்

மொட்டைமாடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்து, ஷூவை வாசலில் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். போகத்தான் போகிறார் என்றால் காலிலாவது ஒன்று இருக்கட்டும். என் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறேன் பாருங்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

ஜூலை 5, சனி

நேற்று எழுத முடியவில்லை. கை இரண்டும் கட்டுப் போட்டிருக்கிறது. இடது கட்டை விரலால் நோட்டை அமுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று எட்டரை மணிக்குத்தான் கிளம்பினார். வாசலில் ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் போன சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு நாள் அந்த ஷூ டாங்கிக்கு அடியில், கறுப்புப் பைக்குள், இந்த ஊர் வெயிலில் வெந்திருக்கிறது. ஏறுகிற ஷூவின் அடி பசையால் ஒட்டியது. சூட்டில் வைக்காதே, காரில்கூட விடாதே என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! திருப்பி வைக்கும்போது அடியைப் புரட்டி ஒரு தடவை பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை.

பெட்டியிலிருந்து கயிற்றையும் நாடாப் பட்டையையும் கொக்கிகளையும் அள்ளிக்கொண்டு லாத்தா கதவைப் போட்டுத் தட்டினேன். லாத்தா நைட்டிக்குமேல் புர்காவை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றார். "வண்டிய எடுங்க லாத்தா" என்பதற்குமேல் எனக்கு வரவில்லை. அந்த மனுஷி வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. போலீஸ் கேமராவெல்லாம் பளிச் பளிச்சென்று மின்ன ஓட்டினார்.

வாதியில் இசக்கியின் கார் நின்றது. மேலே பார்த்தேன். ஐம்பதடி உயரத்தில் நீலச் சட்டை. ஒரு பாத அகலத் திட்டில், முகத்தைப் பாறையோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இடது ஷூவின் அடி பெயர்ந்து நாக்குபோல் தொங்கியது. மேலே போக முடியாது, இறங்கவும் முடியாது.

"யா அல்லாஹ்! கூப்புடும்மா அவரெ!" என்றார் லாத்தா.

லாத்தா வாயைப் பொத்தினேன். "கத்தாதீங்க லாத்தா. திரும்பிப் பாத்தா விழுந்துருவாவ. நீங்க தண்ணி மட்டும் வச்சிட்டு இங்கனயே நில்லுங்க."

பாறைக்குப் பின்பக்கம் சரளைச் சரிவு உண்டு. அதில் கையும் காலுமாக ஏறினேன். தொட்ட கல்லெல்லாம் கொள்ளிக்கட்டை. உச்சியில் ஆட்டோ அளவுக்கு ஒரு உருண்டைக்கல். அதைச் சுற்றிப் பட்டையைப் போட்டு, கொக்கியை மாட்டி, கயிற்றை அதில் சுற்றிவிட்டு, என்னையும் கட்டிக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். முப்பதடி கீழே அவர் தலை தெரிந்தது. சட்டை காய்ந்துபோயிருந்தது. வியர்வை நின்றுவிட்டது என்றால் அதற்கப்புறம் அதிக நேரம் கிடையாது.

கயிற்று நுனியில் பெரிய வளையமாக முடிச்சுப் போட்டு இறக்கினேன். அவர் தோளில் பட்டு நின்றது.

"இசக்கி, நான்தான். அசையாத. வளையத்தைத் தலைவழியா மாட்டி கக்கத்துக்குக் கீழ கொண்டா. நான் புடிச்சிருக்கேன்."

அவர் வளையத்தைத் தொடவில்லை. செத்துவிட்டாரோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் பாறையைப் பார்த்தபடியே, உலர்ந்த தொண்டையில், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"முடிச்சு பாத்தியா?"

குருவிப்பாறையில் அன்றைக்கும் இதைத்தான் கேட்டார். ஜோதிமுத்து ஏறத் தயாராக நின்றான். இசக்கி குனிந்து கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பேச்சி, அவன் முடிச்சு பாத்தியா?" என்றார். நான் புதுப் பிள்ளைகளைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். "பாத்தாச்சு, ஏறச் சொல்லுங்க, வெயில் வந்துரும்" என்றேன். பார்க்கவில்லை. போனிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. ஜோதிமுத்து முடிச்சின் முதல் பாதியைப் போட்டுவிட்டு, யாரோ கேட்டார்கள் என்று பொடிப் பையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தவன், மீதியை மறந்துவிட்டான். நான் ஒரு எட்டு வைத்து அவன் இடுப்பைப் பார்த்திருந்தால் இன்றைக்கு அமலி பிள்ளைக்கு அப்பா இருந்திருப்பான்.

போலீஸ்காரரிடம் இசக்கி "நான் பாக்கல" என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "பேச்சி பாத்தேன்னு சொன்னா" என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் சொல்லலாம் என்று இருந்தேன், அடக்கம் முடியட்டும் என்று இருந்தேன், பதினாறாம் நாள் முடியட்டும் என்று இருந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆளை அமலி மண்ணை வாரித் தூற்றியபோதெல்லாம் நான் "ம்" போட்டேன்.

நேற்றும், அந்த உச்சியில், வாய்வரைக்கும் "பாத்தாச்சு" வந்துவிட்டது. பழக்கதோஷம். சனியன் பிடித்த வாய்.

"இல்ல" என்றேன். "பாக்கல இசக்கி. இப்பவும் பாக்கல. அன்னைக்கும் பாக்கல. பாத்தேன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன். நான்தான் அவனக் கொன்னேன். நீ இல்ல."

அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

"இரு. இப்பப் பாக்கேன்."

கயிற்றை மேலே இழுத்தேன். முடிச்சைக் கையில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன். வால் போதுமான நீளம் இருக்கிறதா என்று பார்த்தேன். வளையத்துக்குள் காலை விட்டு மிதித்து, என் முழுக் கனத்தையும் போட்டுப் பார்த்தேன். அவர் அங்கே ஒரு பாத அகலத்தில் நிற்கிறார், நான் இங்கே முடிச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பார்த்தேன். மறுபடியும் இறக்கினேன்.

"பாத்துட்டேன்" என்றேன்.

அவர் நாலு விரல் கையைப் பாறையிலிருந்து எடுத்தார். வளையத்தைத் தலைவழியாகப் போட்டார். ஒரு கையை உள்ளே விட்டார், அப்புறம் அடுத்த கை. நான் கயிற்றை இறுக்கினேன். அவர் பாறையை விட்டுவிட்டுச் சாய்ந்தார்.

அவ்வளவு கனமும் என் கைக்கு வந்தது. கையுறை எடுத்துவரவில்லை. சூடான கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போயிற்று. அங்குலம் அங்குலமாக ஐம்பதடி இறக்கினேன். கீழே லாத்தா அவரை மடியில் சாய்த்து, தலையில் தண்ணீரை ஊற்றி, என்னவோ ஓதி ஓதி ஊதுவதைப் பார்த்த பிறகுதான் கயிற்றை விட்டேன்.

கிளினிக்கில் அவருக்கு மூன்று பாட்டில் ஏற்றினார்கள். என் கைக்குக் கட்டுப் போட்டார்கள். லாத்தா எங்களை வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு பேரும் கிறுக்கு. ஒருத்தருக்கொருத்தர் பொருத்தந்தான்" என்று கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

இன்று காலையில்தான் இசக்கி பேசினார். பேசினாரா, கத்தினார். இரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"ரெண்டு வருசம்டி! ஒத்த வார்த்தை! ஒரு நாளாவது எங்கிட்ட வந்து சொல்லுவியான்னு இருந்தேன். ஊர்க்காரனுக்குச் சொல்லாண்டாம், போலீஸுக்குச் சொல்லாண்டாம். எங்கிட்ட! நம்ம வீட்டுக்குள்ள! நீ அப்படிச் சொன்னியா இல்ல எனக்குத்தான் காதுல தப்பாக் கேட்டுச்சான்னு எனக்கே கிறுக்குப் புடிச்சுப் போச்சுட்டி!"

"நீங்க ஏன் கேக்கல?"

"கேட்டு நீ இல்லேன்னு சொல்லிட்டா?"

டம்ளரைச் சுவரில் எறிந்தார். எறியட்டும். வீட்டிலிருக்கிற எல்லாவற்றையும் எறியட்டும் என்று நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். என் கையில் கட்டு இருப்பதால் என்னைக் கிட்டே விடவில்லை.

"பாக்க வேண்டியவன் நான்" என்றார். "ஒங்கிட்ட கேட்டதே தப்பு. நாலு எட்டு நடந்து போயி என் கண்ணால பாத்திருக்கணும். அது என் பங்கு. அத யாராலயும் எடுக்க முடியாது. ஆனா ஒம் பங்கையும் சேத்து என்னால தூக்க முடியலட்டி."

ஜூலை 6, ஞாயிறு

பத்து மணிக்கு அமலி கூப்பிட்டாள். கட்டுப் போட்ட கையால் போனைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். இசக்கி எழுந்து வெளியே போகப் பார்த்தார். "இருங்க" என்றேன். சுவரோரமாக நின்றார்.

"அக்கா, சாப்புட்டீங்களா? இன்னிக்கு இங்க மழ தெரியுமா!"

"அமலி, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல ஒண்ணும் கேக்காத. சொல்லி முடிச்சிருதேன்."

சொன்னேன். வீடியோ எடுத்தது, இசக்கி கேட்டது, நான் பார்க்காமல் பார்த்தேன் என்றது, போலீஸ் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது, ஒவ்வொரு ஞாயிறும் அவள் திட்டும்போது கேட்டுக்கொண்டிருந்தது, எல்லாம். எதையும் அழகுபடுத்தவில்லை. மன்னிச்சிரு என்று கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது அடித்தது. மூன்றாவதும் அடித்தது. அடுப்பை அவள் அணைக்கவில்லை. பிள்ளை "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது கேட்டது.

"அமலி?" என்றேன்.

"அண்ணன் அங்கன இருக்காவளா?" என்றாள்.

அவள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"இருக்காவ."

"போன அவ்வோகிட்ட குடுங்க."

இசக்கி வந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டார். "சொல்லும்மா" என்றார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். நின்றவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. "ஆமாம்மா", "சரிம்மா", "அழாத" என்று இடையிடையே சொன்னார். ஜோதிமுத்து அடக்கத்தில்கூட அழாத மனுஷன் சின்னப் பிள்ளைபோல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். நான் கிட்டே போகவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள பேச்சு.

இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து போனை என்னிடம் நீட்டினார். இரண்டு மணிக்கட்டாலும் வாங்கிக் காதில் வைத்தேன்.

"அமலி" என்றேன்.

அவள் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாள்.